கேப் போட்ட பல் இருக்கா? 'கிளியர் அலைனர்' வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

பேட்டை இந்துக் கல்லூரி ஸ்டாப்பில் பஸ்ஸுக்காக நிற்கிறீர்கள். மொபைலைத் திறந்தால் ஒரு விளம்பரம்: கம்பி இல்லை, கிளிப் இல்லை, கண்ணாடி மாதிரி ஒரு கவர், சில மாதத்தில் பல்வரிசை நேராகிவிடும். "கிளிப் போட்டா கேலி பண்ணுவாங்கல்லா" என்று இத்தனை வருஷம் தள்ளிப் போட்டவர்களுக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆனால் முப்பது வயதைத் தாண்டிய வாயில் இரண்டு அடைப்பு, ஒரு வேர் சிகிச்சை, அதன் மேல் ஒரு கேப் என்று ஏதாவது இருக்கும். இதெல்லாம் இருந்தால் அலைனர் போடலாமா?

பெரும்பாலும் போடலாம். ஆனால் எந்தப் பல் நகரும், எது நகராது, எந்த வேலையை முதலில் செய்வது என்பதை எக்ஸ்-ரே பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதைத் தாண்டிக் குதித்தால் காசும் போகும், சில நேரம் கேப்பும் கழன்று வரும்.

பல் எப்படி நகருது?

பல் நேரடியாகத் தாடை எலும்பில் ஒட்டிக்கொண்டு இல்லை. வேரைச் சுற்றி சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. அலைனர் பல்லை ஒரு பக்கம் அழுத்தும்போது, அந்தப் பக்க எலும்பு கரையும், எதிர்ப்பக்கம் புது எலும்பு வளரும். பல் மெல்ல இடம் மாறும். ஒரு கவர் சுமார் கால் மில்லிமீட்டர்தான் நகர்த்தும். அதனால்தான் ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அடுத்த கவருக்கு மாற வேண்டியிருக்கிறது.

இந்த நார்ப்படலத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகவே புரிந்துவிடும்.

வேர் சிகிச்சை செய்த பல்: உள்ளே இருக்கும் நரம்பைத்தான் எடுத்திருக்கிறார்கள். வெளியே உள்ள நார்ப்படலம் உயிரோடு இருக்கிறது. அதனால் பல் நகரும். வேர் நுனியில் பழைய தொற்று ஆறியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்க்க வேண்டும்.

கேப் போட்ட பல்: இதுவும் நகரும். சிக்கல் வேறு இடத்தில். அலைனர் நன்றாகப் பிடிப்பதற்காகப் பல்லின் மேல் பல் நிறத்தில் சின்னப் புள்ளி மாதிரி ஒட்டுவார்கள். அதற்குப் பெயர் அட்டாச்மென்ட். இயற்கைப் பல்லில் இது நன்றாக ஒட்டும். வழவழப்பான செராமிக், மெட்டல் கேப்பில் அவ்வளவு சுலபமாக ஒட்டாது, அடிக்கடி விழும். கேப்பின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, அதற்கென உள்ள பசையைப் பயன்படுத்த வேண்டும். இன்னொன்று: கேப் ஏற்கெனவே லேசாக ஆடுகிறது என்றால், தினமும் கவரைக் கழற்றும்போது கேப்பும் சேர்ந்தே வந்துவிடலாம். முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

பிரிட்ஜ், அதாவது கட்டுப் பல்: இங்கே இரண்டு மூன்று பற்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். ஒன்று மட்டும் தனியாக நகராது. நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் பிரிட்ஜை வெட்டிப் பிரித்து, தற்காலிகக் கேப் போட்டு, கடைசியில் புதுசாகச் செய்ய வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் ஆரம்பத்திலேயே கணக்கில் சேர்த்துக் கேளுங்கள்.

இம்பிளான்ட்: நம்ம ஊரில் 'ஸ்க்ரூ பல்' என்பார்கள். டைட்டானியம் எலும்போடு நேரடியாக ஒன்றிவிடும் என்பதைக் கண்டறிந்து, 1965-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தியவர் ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனெமார்க். அந்த உறுதிதான் இங்கே தடை. நடுவில் நார்ப்படலம் கிடையாது, எவ்வளவு அழுத்தினாலும் இம்பிளான்ட் அசையாது. சுற்றியுள்ள பற்களைத்தான் அதற்கு ஏற்ப நகர்த்த முடியும். பல் விழுந்த இடத்தில் இனிமேல்தான் இம்பிளான்ட் வைக்கப் போகிறீர்களா? பொதுவாக, வரிசையை முதலில் சரிசெய்துவிட்டு வைப்பது நல்லது.

எது முதலில்?

சொத்தையும் ஈறு நோயும் முதலில். வீங்கிய, ரத்தம் கசியும் ஈறோடு பல்லை நகர்த்தினால், தாங்கி நிற்கும் எலும்பு இன்னும் குறையலாம். அதன் பிறகுதான் ஸ்கேன். புதுக் கேப் அவசரமில்லை என்றால் அலைனர் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். கவர் உங்கள் பல்லின் இப்போதைய உருவத்துக்கு அளவெடுத்துச் செய்தது. நடுவில் ஒரு கேப் மாறினாலே அடுத்த கவர் உட்காராது, மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும் கிட்டை நம்பலாமா?

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். தபாலில் கிட் அனுப்பிப் பிரபலமான 'ஸ்மைல் டைரக்ட் கிளப்' 2023 டிசம்பரில் திடீரென்று கடையைச் சாத்தியது. பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் வேறு மருத்துவரைத் தேட வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் அக்டோபரில் 'பைட்' அலைனர் விற்பனையும் நிறுத்தி வைக்கப்பட்டது. சிகிச்சைக்குப் பொருந்தாதவர்கள் உள்ளே வந்துவிடாமல் தடுக்கும் நடைமுறை போதுமானதா என்ற கேள்விதான் காரணம். பழைய பல் வேலை உள்ளவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். வீட்டில் எடுக்கும் அச்சு பல்லின் வெளி உருவத்தைத்தான் காட்டும். வேர் நுனித் தொற்றோ, கரைந்த எலும்போ அதில் தெரியாது.

அதனால் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். முடித்த ஒருவரை நேரில் பாருங்கள். நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. காவல்கிணறில் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. சொத்தை, ஈறு, பழைய கேப்பின் நிலையைப் பரிசோதிக்க அங்கிருந்தே தொடங்கலாம். போகும்போது பழைய எக்ஸ்-ரே, எந்த வருஷம் என்ன செய்தது என்ற விவரம், இரண்டையும் கொண்டு போங்கள்.

போட்ட பிறகு ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். டீ குடிக்க, சாப்பிடக் கழற்றணும். அல்வா சாப்பிட்டால் பல் தேய்த்த பிறகுதான் மறுபடி மாட்டணும். கேப்பின் ஓரத்தில் இனிப்பு தங்கி, அதன் மேல் கவரும் மூடிக்கொண்டால் சொத்தைக்கு ரொம்ப வசதி!

பல் நேரான பிறகும் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க ரீட்டெய்னர் கொடுப்பார்கள். தள்ளி வைத்திருந்த கேப்பை அதற்குப் பிறகு போட்டால், ரீட்டெய்னரும் புதுசாகச் செய்ய வேண்டிவரும். இதற்குத் தனிக் கட்டணமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.