அறுந்த பார்வை நரம்பு

கையிலோ காலிலோ நரம்பு அறுந்தால், அது நாளடைவில் மீண்டும் வளர்வதையும் மரத்த விரலில் உணர்ச்சி திரும்புவதையும் நாம் கண்டிருக்கிறோம். ஆனால் விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு நைந்துபோனால், மனிதனுக்குப் போன பார்வை போனதுதான். ஒரே உடலில் ஏன் இந்தப் பாரபட்சம்?

விழித்திரையின் நரம்பணுக்களை மைக்ராஸ்கோப்பில் கண்டு தம் கையாலேயே வரைந்து காட்டியவர், 1906-இல் நோபெல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹால். வளர்ந்த உயிரின் மூளைப் பாதைகள் மீண்டும் முளைப்பதில்லை என்று 1913-14-இல் அவர் எழுதினார். வருங்கால விஞ்ஞானம் இதனை மாற்றக்கூடும் என்ற நம்பிக்கையையும் உடன் தெரிவித்தார். உலகமோ முன்னதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது! அவருடைய மாணவர் டெல்லோ, முயலின் மூளையில் உடல் நரம்பின் துண்டொன்றைப் பதித்து, இழைகள் அதனுள் வளரக் கண்டது 1911-இலேயே நிகழ்ந்தது.

தவளைக்கு இந்தத் தடை இல்லை. 1940-களில் அமெரிக்க அறிஞர் ரோஜர் ஸ்பெர்ரி, தவளையின் பார்வை நரம்பை அறுத்து, கண்ணையும் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நரம்பு வளர்ந்தது, பார்வையும் வந்தது. ஆனால் மேலே இரை தெரிந்தால் தவளை கீழே பாய்ந்தது; அத்தவற்றைப் பின்னர் திருத்திக்கொள்ளவும் இல்லை. ஒவ்வோர் இழையும் மூளையில் தனக்குரிய பழைய இடத்தையே தேடிச் சேர்ந்திருந்தது என்பது இதனால் புலனாயிற்று.

பாலூட்டிகளின் கதவைத் திறந்தவர்கள் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆல்பர்ட் அகுவாயோவும் அவர் குழுவினரும். எலியின் காலிலிருந்து எடுத்த நரம்பைக் கண்ணுக்கும் மூளைக்கும் இடையே பாலமாக அமைத்தனர். விழித்திரையின் இழைகள் அதனைக் கடந்து மூளையில் இணைப்புகளை உண்டாக்கியதை 1987-இல் வெளியிட்டனர். கண்ணில் ஒளி பட்டதும் மூளையணுக்கள் விடையளிப்பது, 1989-இல் ஹாம்ஸ்டர் என்னும் எலியினத்தில் பதிவாயிற்று. ஆகவே குறை அணுக்களிடத்தில் மட்டும் இல்லை. அவற்றைச் சூழ்ந்திருப்பவற்றிலும் உண்டு.

எனினும் பாலம் கடந்த இழைகள் சிலவே. கண்ணருகே நரம்பு அறுந்தால் இரண்டு வாரங்களுக்குள் அந்த அணுக்களில் பெரும்பாலானவை மடிந்துவிடுகின்றன. முதலில் உயிர் காக்க வேண்டும், பிறகன்றோ வளர்ப்பது! கிளாக்கோமா என்னும் கண் நோயில் இதே அணுக்கள்தாம் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி மடிகின்றன. கண்ணின் உள்ளழுத்தத்தைக் குறைப்பதே இன்றும் அதற்கு மெய்ப்பிக்கப்பட்ட சிகிச்சை. அது எஞ்சிய பார்வையைக் காக்குமேயன்றி இழந்ததை மீட்டுத் தராது. மீட்டுத் தருவதாகக் கூறும் விளம்பரங்களை நம்பிப் பொருளையும், அதனினும் அரிய காலத்தையும் இழப்போரை எண்ணி நாம் வருந்துகிறோம்.

ஜப்பானிய அறிஞர் யாமனாகா 2006-இல் சுட்டிக்காட்டிய நான்கு மரபணுக்களுள் மூன்றை ஹார்வர்டு ஆய்வாளர்கள் சுண்டெலியின் விழித்திரையில் செலுத்தினர். நசுங்கிய நரம்பு வளர்ந்ததையும், கிளாக்கோமா போன்ற கேடு உண்டாக்கப்பட்ட எலிகளுக்குப் பார்வை ஓரளவு மீண்டதையும் 2020-இல் அறிவித்தனர். சுண்டெலிக்கு அது குறுகிய வழி. மனிதனுக்கோ, ஒவ்வொரு கண்ணிலிருந்தும் புறப்படும் ஏறக்குறைய 10 இலட்சம் இழைகள், பார்வை நரம்பிலேயே சுமார் 5 சென்டிமீட்டர் கடந்து, அதன்பின் மூளைக்குள்ளும் சென்று, தவளையின் இழைகளைப் போலத் தத்தம் இடத்தைக் கண்டுகொள்ள வேண்டும்.