கிணற்றுக்குள் இறங்கிய மோட்டார்

மாடு பூட்டிக் கவலை ஓட்டிய காலத்தில் கொங்கு விவசாயிக்குக் கிணற்றின் ஆழம் பெரிய தடையாக இருக்கவில்லை. தண்ணீர் பத்தடி கீழே போனால் கயிற்றைப் பத்தடி நீட்டுவார். மாடுகள் சரிவில் இன்னும் பத்தடி கூடுதலாக இறங்கும். உழைப்புக் கூடும், ஆனால் தண்ணீர் வந்துவிடும். கயிற்றில் கட்டிய சால் தண்ணீரை அள்ளித் தூக்கியது, உறிஞ்சவில்லை. நீர்மூழ்கி மோட்டார் பிறந்த கதை இந்த ஒரு வித்தியாசத்தில்தான் தொடங்குகிறது.

1932இல் பைகாரா மின்சாரம் நீலகிரி மலையிலிருந்து இறங்கியது. 1937இல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்தார்கள். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். பஞ்சாலைகளுக்கு உதிரிபாகம் வார்த்துக் கொடுத்துப் பழகிய பட்டறைகள் பம்பும் வார்க்க ஆரம்பித்தன. கிணற்று மேட்டில் மோட்டார் உட்கார்ந்தது, மாடுகள் ஓய்ந்தன. சுவிட்சைப் போட்டதும் வாய்க்காலில் தண்ணீர் பாய்வதைப் பார்த்த அந்தத் தலைமுறையின் சந்தோஷத்தை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலை மழையை மறைத்து நிற்கும் பூமி இது. இங்கே கிணறுதான் ஆறு.

ஆனால் சித்திரையில் நீர்மட்டம் இறங்கியதும் பழக்கமில்லாத ஒரு முறையீடு கேட்டது: “மோட்டாரு ஓடுதுங்க, தண்ணிதான் வரலீங்க.” குழாயின் அடியிலுள்ள புட்வால்வைக் கழற்றிப் பார்ப்பார்கள். காற்றுப் புகுந்துவிட்டதோ என்று இணைப்புகளை இறுக்குவார்கள். சாணியைக் கரைத்துக் குழாயில் ஊற்றுவார்கள். எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் ஏறாது.

காரணம், பம்பு தண்ணீரை இழுப்பதே இல்லை. அது குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். கிணற்று நீரின் மேல் படிந்திருக்கும் காற்றுமண்டலத்தின் கனம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. அந்தக் கனத்துக்கு ஓர் எல்லை உண்டு. கடல் மட்டத்தில் அது சுமார் 34 அடி நீரைத் தாங்கும். 411 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவையில் 32 அடி. ஊட்டிக்குப் போனால் 26 அடிதான். இத்தாலியின் பம்பு வேலைக்காரர்கள் இந்த எல்லையை வெகுகாலம் முன்பே முட்டிப் பார்த்திருந்தார்கள். பதினெட்டு முழத்துக்கு மேல் எந்தப் பம்பாலும் தண்ணீரை ஏற்ற முடியாது என்று ஒரு தொழிலாளி தன்னிடம் சொன்னதை கலிலியோ 1638இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்கிறார். தொங்கும் கயிறு தன் பாரத்தாலேயே அறுவது போல நீரும் அறுகிறது என்று அவர் நினைத்தார். அவருடன் இருந்த டோரிசெல்லிதான் பாதரசத்தை வைத்துச் சோதித்து, தாங்குவது காற்றின் கனமே என்று கண்டார்.

அந்த 32 அடியும் நமக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. ஏன் என்பதைச் சமையலே சொல்லும். ஊட்டியில் பருப்பு வேகத் தாமதமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சமையலறைக் குக்கரில் நடப்பது இதற்கு எதிர்: அழுத்தத்தைக் கூட்டி, 120 டிகிரி வரை கொதிக்கவிடாமல் பிடித்து வைக்கிறோம். கொதிப்பதற்கென்று தண்ணீருக்கு நிலையான சூடு கிடையாது. அதை முடிவு செய்வது மேலே அமுக்கும் அழுத்தம். அதையே குறைத்துக்கொண்டு போனால்? வழக்கமான காற்றழுத்தத்தில் இருபத்துநான்கில் ஒரு பங்குக்கு இறங்கும்போது, 30 டிகிரியில் இருக்கும் கிணற்றுத் தண்ணீர், கையில் அள்ளினால் சில்லென்று இருக்கும் அதே தண்ணீர், கொதிக்கத் தொடங்கும். தீயில்லாமல், சூடில்லாமல்.

உறிஞ்சும் குழாயின் மேல்முனையில் நடந்தது இதுதான். அடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,670 லிட்டர் இடத்தை அடைக்கும். 30 டிகிரியில், அந்தத் தாழ்ந்த அழுத்தத்தில், அதே ஒரு லிட்டர் சுமார் 33,000 லிட்டர் ஆவியாக விரியும். ஒரு கை நீர் ஆவியானால் போதும், குழாய் நிறைந்துவிடும். பம்புக்குள் இருக்கும் விசிறியான இம்பெல்லர் சுழலும், பிடித்துத் தள்ள அதற்குத் தண்ணீர் இருக்காது. குழாயின் உராய்வு, வளைவுகள், வால்வின் தடை எல்லாம் கழிந்து விவசாயி கையில் மிஞ்சியது இருபது, இருபத்தைந்து அடி.

எல்லையை ஒட்டி ஓட்டினால் வேறொரு கேடு வரும். இம்பெல்லரின் நடுவில் பிறக்கும் ஆவிக் குமிழ்கள் விளிம்புக்குப் போனதும் அழுத்தம் ஏறி, நொடியின் சிறு பங்கில் மறுபடி நீராக ஒடுங்கும். சுற்றியிருக்கும் நீர் அந்த வெற்றிடத்தில் வந்து மோதும் வேகம் வார்ப்பிரும்பையே அரித்துவிடும். பம்புக்குள் சரளைக்கல் உருளுவது போலச் சத்தம் கேட்கும். கழற்றிப் பார்த்தால் இம்பெல்லர் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. கப்பல் விசிறிகளை இப்படி அரித்த குமிழ்களைப் பற்றித்தான் 1917இல் இயற்பியலாளர் ராலே பிரபு கணக்குப் போட்டார்.

தண்ணீரை மேலே கூப்பிட முடியாவிட்டால் மோட்டார் கீழே போக வேண்டும். கொங்குக் கிணறு வெடி வைத்துப் பாறையைப் பிளந்து இறக்கியது. உள்சுவரில் பாம்பேறி என்னும் திட்டு இருக்கும். மோட்டார் முதலில் அதில் இறங்கியது. பிறகு சுவரில் கர்டர் பதித்து இன்னும் கீழே. மழை பெய்து நீர் ஏறினால் நள்ளிரவில் மோட்டாரைத் தூக்க ஆள் ஓட வேண்டும். தாமதித்தால் காயில் புகைந்துவிடும். டீசல் எஞ்சினை இறக்கியவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து: கிணற்றுக்குள் தங்கிய புகை ஆளையே கொல்லும். பம்பின் வரலாற்றை எழுதும்போது கிணற்றுக்குள் இறங்கியவர்களை விட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

போர் எனப்படும் ஆழ்துளைக் கிணறு வந்தபோது பாம்பேறியும் இல்லாமல் போயிற்று. ஆறரை அங்குலக் குழிக்குள் ஆள் இறங்க முடியாது. இடைக்காலத்தில் கம்ப்ரசர் கைகொடுத்தது. காற்றை அடியில் செலுத்தினால் நீரும் குமிழும் கலந்து கனம் குறைந்து தானே மேலேறும். உறிஞ்சும் வேலையே கிடையாது. மின்சாரம் நிறையத் தின்றாலும், கீழே சுழலும் பாகமே இல்லாததால் மணல் வரும் போருக்கு அது பொருந்தியது. அந்த ‘டப டப’ சத்தம் இன்னும் பல தோட்டங்களில் கேட்கிறது.

நிலையான விடையை எண்ணெய்க்காரர்கள் முன்பே கண்டிருந்தார்கள். ருஷ்யாவிலிருந்து அமெரிக்கா சென்ற ஆர்மீனியர் அருட்டுனோஃப், 1920களில் மின்மோட்டாரையும் பம்பையும் ஒரே உருளையாக்கி எண்ணெய்க் கிணற்றின் அடிக்கே அனுப்பினார். அந்த எண்ணம் கொங்குக்கு ஏற்றபடி கணபதி, பீளமேடு, ஆவாரம்பாளையம் பட்டறைகளில் மெலிந்த உருவெடுத்தது. எந்தத் தண்ணீருக்குப் பயந்து மோட்டாரை ராத்திரியில் தூக்கினார்களோ, அதே தண்ணீரை மோட்டாருக்குள்ளேயே நிரப்பினார்கள். கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை. பேரிங்குக்கு எண்ணெய் வேண்டாம், தண்ணீரே போதும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இம்பெல்லர்கள் நீரை மேலே தள்ளின. பம்பின் வாய் நீருக்குள் மூழ்கியிருப்பதால் ஆவியாகும் பேச்சுக்கே இடமில்லை. தலைக்கு மேல் 30 மீட்டர் நீர் நின்றால் அங்கே தண்ணீர் கொதிக்க 140 டிகிரிக்கு மேல் வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆயிரம் அடி துளைத்த இடத்திலும் இந்த உருளை வேலை செய்தது.

ஆயிரம் அடியிலும் நீர் வற்றும். நீர்மட்டம் பம்பின் வாய்க்கு வந்ததும் காற்று புகும்; தள்ள நீர் இல்லாமல் பாரம் குறையும்; உள்ளே சிக்கிய கொஞ்சம் நீர் மோட்டாரின் சூட்டில் காயத் தொடங்கும். மேலே பேனல் போர்டில் ஆம்பியர் முள் இறங்குகிறது. பாரம் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் ரிலே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. டக்கென்று ஸ்டார்ட்டர் விழுந்த சத்தம் கேட்டு, தென்னைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டு, போரில் தண்ணீர் ஊற எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு மோட்டார் ரூமை நோக்கி நடக்கிறார்.