‘ஆள் கிடைக்கல’: ஒரு புகாரின் வரலாறு

‘ஏரி வேலைன்னு போய் உக்காந்துட்டு காசு வாங்கிட்டு வருதுங்க, கழனிக்கு ஆள் கிடைக்கல.’ பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் டீக்கடை பெஞ்சுகளில் இந்த வாக்கியம் புழங்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் வந்தது. திருவள்ளூர் மாவட்டத்துக்கு 2008 ஏப்ரலில், மூன்றாம் கட்டத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இந்தப் புகாரின் வயது அதைவிடப் பல மடங்கு கூடுதல்.

இதை ஒரு பிரதியாக வைத்து வாசிக்கலாம். முதலில் வினைமுற்று. மாடு வருது, லாரி வருது, கூலிக்காரிகள் ‘வருதுங்க’. ஒரு விகுதியில் திணை மாறிவிடுகிறது. அடுத்தது ‘கிடைக்கல’. ஆள் என்பவர் வருகிறவரோ மறுக்கிறவரோ இல்லை. விறகு மாதிரி, எரு மாதிரி கிடைக்க வேண்டிய சரக்கு. படியாள், பண்ணையாள் என்ற கூட்டுச்சொற்களிலிருந்து தனியே கழன்று வந்த ‘ஆள்’ இது. கடைசியாக, ‘கழனிக்கு’. யாருடைய கழனிக்கு என்று வாக்கியம் சொல்வதில்லை, சொல்ல அவசியமும் இல்லை. விவசாயம் என்றால் பட்டா வைத்திருப்பவர். நாற்று நடுகிறவள் விவசாயத்துக்கு வெளியே நிற்கிறாள்.

செங்கல்பட்டு ஜில்லாவை ஏரிகளின் ஜில்லா என்பார்கள். 1997இல் அதிலிருந்து பிரிந்ததுதான் திருவள்ளூர். கலெக்டர் லயனல் பிளேஸ் 1790களில் இந்த ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைப்புக் காட்டினார். மதுராந்தகம் ஏரியின் கரை உடையாமல் இரவில் ராமலட்சுமணர் வில்லோடு காவல் நின்றதை அவர் பார்த்ததாகக் கதை. ‘ஏரி காத்த ராமர்’ என்ற பெயரே அங்கிருந்து வந்தது. கதையில் ராமர் இருக்கிறார், துரை இருக்கிறார். மண் சுமந்தவர்கள் இல்லை.

அவர்கள் சட்டத்தில் இருக்கிறார்கள். சென்னை மாகாணத்துக்கென்று இயற்றப்பட்ட 1858ஆம் ஆண்டின் முதல் சட்டம் கட்டாய உழைப்பைப் பற்றியது. வெள்ளத்தில் கரை உடையும் நிலை வந்தால் ஊராரை வேலைக்கு இழுக்கலாம். வழக்கப்படி ஊர் செய்து வந்த பாசன வேலைக்கு ஆள் அனுப்பாதவர், அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரண்டு பங்கு கட்ட வேண்டும். குடிமராமத்து என்று நாம் உருகிப் பேசுகிற மரபுக்குள் இந்தச் சாட்டையும் இருந்தது. மிராசுதார் மண்வெட்டி பிடிக்கவில்லை. அவருடைய சேரி ஆட்கள் பிடித்தார்கள். 2017இல் தமிழக அரசு இதே பெயரில் ஏரி சீரமைப்புத் திட்டம் கொண்டுவந்தபோது இந்தப் பக்கத்தை யாரும் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, தாது வருஷப் பஞ்சம். இப்போது அரசு வேலை கேட்கவில்லை, வேலை கொடுத்தது. ஆனால் எப்படிக் கொடுத்தது? வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், சில ஆண்டுகளுக்கு முன் பீகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவழித்ததற்காகக் கண்டனம் வாங்கியவர். அந்தச் சூடு ஆறுவதற்குள் சென்னைக்கு வந்தவர், 1877 தொடக்கத்தில் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசுமாகக் குறைத்தார். சுகாதார ஆணையர் கார்னிஷ், மண் வெட்டுகிற உடம்புக்கு இது காணாது, ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும் என்று மல்லுக்கு நின்றார். சாவு பெருகிய பிறகு அரசு பாதி வழி இறங்கி வந்தது. பஞ்ச வேலைக் கூலிகள் தோண்டியதுதான் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற கால்வாய்த் துண்டு. எண்ணூர் வழியாகப் பழவேற்காடு தாண்டிப் போகிற அந்த நீர்வழிக்குக் கவர்னர் பக்கிங்காம் பெயரே நிலைத்தது.

கூலிக் குறைப்பைச் சிக்கனம் என்று மட்டும் படித்தால் போதாது. நிவாரண வேலை, வேறு பிழைப்பு உள்ள ஒருவரைக்கூட இழுத்துவிடக் கூடாது என்பதே அதன் தத்துவம். அதனால்தான் கூலியைச் சாகாத அளவுக்கு வைத்தார்கள். வேலையிடத்தை வீட்டிலிருந்து பல மைல் தள்ளி வைத்தார்கள். வந்தவன் நிஜமாகவே பட்டினிதானா என்று சோதிக்க, பட்டினி உடம்பையே கருவியாக்கினார்கள். 1880இன் பஞ்சக் கமிஷனும் அதைத் தொடர்ந்த பஞ்சச் சட்டத் தொகுப்புகளும் இந்தச் சோதனையை ஒழிக்கவில்லை, ஒழுங்குபடுத்தின.

ஆள் ‘கிடைத்த’ காலத்தில் அவர் எப்படிக் கிடைத்தார் என்பதற்கு இதே ஜில்லாவிலிருந்து சாட்சியம் உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கை, 1892இல் பஞ்சமி நில ஆணைக்கு வழிவிட்டது. அவர் காட்டியது மிக எளிய ஒரு பொறியமைவு. குடியிருக்கும் மனை மிராசுதாருடையது. வேலைக்கு வர மறுத்தால் குடிசை போகும். தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் மிராசு உரிமை குறுக்கே வரும். ஆள் கிடைத்தார், ஏனென்றால் போவதற்கு அவருக்கு வேறு இடமில்லை.

சுதந்திரத்துக்குப் பின் வந்த உணவுக்கு வேலை, தேசிய ஊரக வேலைவாய்ப்பு, ஜவஹர் வேலைத் திட்டம் எல்லாமே அரசு மனது வைத்தால் வருகிற திட்டங்கள். மகாராஷ்டிரம் மட்டும் 1972-73 வறட்சிக்குப் பிறகு வேலையைச் சட்ட உரிமையாக்கியது. 2005 சட்டம் அந்த வழியில் வந்தது. அதன் ஷரத்துகளை 1858, 1877க்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கேட்ட 15 நாளில் வேலை, இல்லையென்றால் படி. அதாவது, கட்டாயம் இப்போது அரசின் மேல். ஐந்து கிலோமீட்டருக்குள் வேலை, தாண்டினால் பத்து சதவீதம் கூடுதல்; தூரச் சோதனை தலைகீழானது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. கான்ட்ராக்டர் கூடாது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள் என்பது இந்த ஷரத்துகளின் விளைவு. 2025-26இல் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அதுவும் மண்ணை அளந்து பார்த்துத்தான். அந்தச் சொற்பக் காசின் சாதனை, கழனிக்காரரிடம் ‘இந்தக் கூலிக்கு வரல’ என்று சொல்ல முடிந்ததுதான்.

இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்தவரின் கஷ்டம் பொய்யில்லை. உரவிலை ஏறுகிறது, நெல்விலை கட்டவில்லை, அவரால் கூலியை ஏற்ற முடியாது. அந்தக் கோபம் விலை நிர்ணயிக்கிற தில்லியை நோக்கிப் போகாமல் ஏரிக்கரையில் தட்டு சுமக்கிற கிழவியை நோக்கிப் போவதுதான் இந்தச் சொல்லாடலின் வெற்றி.

இன்னொரு மௌனமும் உண்டு. இந்த வட்டாரத்தில் கழனியிலிருந்து ஆளையும், கழனியையே கூடவும் எடுத்தது எது? கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வந்தது, ஜி.என்.டி. சாலையோரம் மனைகள் வந்தன. 2007இல் தேர்வாய்கண்டிகையில், பெரும்பாலும் தலித்துகள் வாழும் ஊரில், மேய்ச்சலுக்கும் ஏரிகளுக்கு நீர்வரத்துக்கும் ஆதாரமாயிருந்த 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டு நிலம் சிப்காட்டுக்குப் போனது. ஊர் எதிர்த்தது; மிஷெலின் டயர் ஆலை வந்தது. அதே தேர்வாய்கண்டிகை, கண்ணன்கோட்டை ஏரிகள் ஒரே நீர்த்தேக்கமாகி, 2020 நவம்பரில் சென்னைக்குக் குடிநீர் தரத் திறக்கப்பட்டன. இதற்கெல்லாம் ‘விவசாயம் கெட்டுச்சு’ என்று பெஞ்சில் யாரும் சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சிப்காட்டைச் ‘சோம்பேறி’ என்று யாரும் ஏசியதில்லை.

பெஞ்சின் வாக்கியம் இப்போது சட்டமாகிவிட்டது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 2005 சட்டத்துக்கு மாற்றாக நிறைவேற்றிய சட்டம், 100 நாளை 125 ஆக்கியிருக்கிறது. செலவில் நாற்பது சதவீதத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் தலையில் வைத்திருக்கிறது. கூடவே விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் வேலையே நடத்தக் கூடாது என்கிறது. விவசாயத்துக்கு ஆள் கிடைக்க வேண்டுமாம். நாளின் எண்ணிக்கையைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள் இந்த அறுபதைக் கணக்கில் எடுப்பதில்லை. நடவுக்கூலி பேசப்படுவது அந்த நாட்களில்தான். ஏரி வேலை பக்கத்தில் இருந்தால்தான் அவள் பேரத்துக்கு நிற்க முடியும்.

திருவள்ளூரில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம். அறுவடைக்குப் பெரும்பாலும் மெஷின் வந்துவிட்டது. எந்த அறுபது நாள் என்று மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அந்தத் தேதிகளைக் குறிக்கிற கூட்டத்தில் நாற்று நடுகிற ஒருத்திக்கு நாற்காலி உண்டா என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை.