மேய்ச்சல் நிலமும் ஓவியரின் கண்ணும்

கடமலைக்குண்டில் மாலை வேளையில் மூல வைகையின் கரையில் நின்று, தெற்கே வருசநாட்டுப் பக்கம் நோக்குங்கள். அருகிலுள்ள மரம் கருத்துத் தெரியும். நடுவே மணற்பரப்பும் வீடு திரும்பும் மாடுகளும். அப்பால் மலைகள் ஒன்றைவிட ஒன்று வெளிறி, கடைசியில் இளநீலமாகிவிடும். இடையிலுள்ள காற்று நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்வதே இதற்குக் காரணம். லெயனார்டோ டா வின்சி (1452–1519) இதைக் கண்டு எழுதி வைத்தார். சிதறலின் கணக்கை 1871-இல் ராலே விளக்கினார்.

இந்த மூன்று அடுக்கையே ஓர் ஓவிய முறையாக்கிப் புகழ்பெற்றவர் ரோமில் வாழ்ந்த கிளாடு லொரேன் (இறப்பு 1682). ஒரு பக்கம் கரிய மரம், நடுவில் நீரும் கால்நடையும், பின்னே ஒளி ததும்பும் தொலைவு. கண் இருளிலிருந்து ஒளிக்குத் தானே செல்கிறது, மனம் அடங்குகிறது. போலிகள் பெருகவே, தம் ஓவியங்களை ஒரு நூலில் சிறிதாக வரைந்து வைத்துக்கொண்டாராம் அவர்! அது இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஆங்கிலேயர் இம்முறையில் மயங்கினர். தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டு, மதுரை வழியாக நெல்லைச் சீமை வரை சென்றனர். பாபநாசம் அருவியை வரைந்தனர். வில்லையால் காட்சியைத் தாளின் மீது விழச் செய்யும் இருட்டுப் பெட்டி அவர்களிடம் இருந்தது. 1795 முதல் 1808 வரை 144 அச்சுப் படங்கள் லண்டனில் வெளிவந்தன.

பெட்டி பொய் சொல்லாது. ஆனால் எங்கே நிறுத்துவது, எதை முன்னே வைப்பது என்பதைக் கைதான் முடிவு செய்கிறது. அதற்கு முந்தைய மாதம்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். திண்டுக்கல் சீமை கம்பெனியின் கைக்கு வந்தது. படங்களில் நாம் காணும் அமைதியை எண்ணும்போது இதையும் எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

நம்மவர் இதே காட்சியை வேறுவிதமாகக் கண்டனர். தொல்காப்பியம் முல்லைக்குக் காட்டையும் கார்காலத்தையும் மாலையையும் வகுக்கிறது. மாடு திரும்பும் அவ்வேளையின் உணர்வு அங்கே வெறும் அமைதியன்று. பிரிந்தவன் வருவான் என்று ஆற்றியிருத்தல். நிலம், பொழுது, கருப்பொருள் எல்லாம் அந்த ஒரு மனநிலைக்கே துணை நிற்கின்றன.

நீங்களே சோதிக்கலாம். ஓர் அட்டையில் நீள்சதுரத் துளை வெட்டி, அதன் வழியே வருசநாட்டுச் சாலையைப் பாருங்கள். அட்டையைச் சற்றே நகர்த்தினால் மின்கம்பம் மறையும். காட்சி உடனே பழைய படம் போலாகும். இன்னும் சற்று நகர்த்துங்கள். மாடு ஓட்டி வருபவரும் மறைந்துவிடுவார்.