கண்ணாடியில் செருகிய சீட்டும் அதன் பின்னால் ஒரு வரலாறும்

போன மாதம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு லண்டனிலிருந்து அக்கா பையன் போன் செய்தான். "மாமா, காருக்கு ஃபைன் சீட்டு ஒட்டிட்டுப் போயிட்டாங்க. எங்க தெருவுலதான் நிறுத்தினேன், பர்மிட்டும் இருக்கு. பதினாலு நாளுக்குள்ள கட்டினா பாதிதானாம். விசா புதுப்பிக்கிற நேரம் வேற. பேசாம கட்டிடவா?"

அந்தக் கடைசிக் கேள்வியை நான் 2006-லேயே எனக்குள் கேட்டவன். பதில் தெரியாமல் பணத்தைக் கட்டியவனும் கூட. இப்போது புனேயில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே போலீஸ் வண்டி பைக்கைத் தூக்கிக்கொண்டு போனால் பின்னாலேயே ஓடிக் கெஞ்சுவோம். அங்கே கெஞ்ச ஆள் இல்லை, எல்லாம் காகிதம்தான். அந்தக் காகிதத்துக்கு ஒரு கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

லண்டனில் முதல் பார்க்கிங் மீட்டர்கள் 1958 ஜூலையில் மேஃபேர் பகுதியில் வந்தன. 1960 செப்டம்பரில் டிராஃபிக் வார்டன்கள் தெருவில் இறங்கினார்கள். அபராதம் 2 பவுண்டு. அவர்கள் எழுதிய முதல் சீட்டு யாருக்குப் போனது தெரியுமா? மாரடைப்பு வந்த ஒருவரைப் பார்க்க ஓட்டலுக்கு ஓடிய ஒரு டாக்டரின் காருக்கு! ஊரே சத்தம் போட்டது, அபராதத்தை ரத்து செய்தார்கள். ஆக, எழுதிய முதல் சீட்டே எதிர்த்துப் பேசியதும் கிழிந்த சீட்டுதான்.

அந்தக் காலத்தில் இது போலீஸ் விவகாரம், அதாவது குற்றம். 1991-ம் வருட சாலைப் போக்குவரத்துச் சட்டம் இதை மாற்றியது. 1994-க்குள் லண்டன் முழுவதும் பார்க்கிங் கண்காணிப்பு கவுன்சில்கள் கைக்கு வந்தது. குற்றம் என்பது போய், சிவில் அபராதம் என்று ஆனது. கிரிமினல் கோர்ட் கிடையாது, தண்டனைப் பதிவும் கிடையாது. கவுன்சிலே அபராதம் போட்டு கவுன்சிலே தீர்ப்பும் சொன்னால் நியாயமா என்ற கேள்வி வருமல்லவா? அதற்காகவே தனியாக நடுவர்களை வைத்தார்கள். 2004-ம் வருடச் சட்டத்தின் பார்க்கிங் பகுதி 2008 மார்ச் 31-ல் அமலுக்கு வந்தது. இப்போதைய நடைமுறை அதிலிருந்துதான்.

இனி என் அசட்டுத்தனத்துக்கு வருவோம். 2006 பொங்கலுக்கு ஒரு நண்பர் குடும்பத்தோடு வந்திருந்தார். எங்கள் தெரு பர்மிட் மண்டலம். விருந்தாளிகளுக்குச் சுரண்டும் சீட்டு ஒன்று உண்டு, நாளையும் மாதத்தையும் காசால் சுரண்டி காரில் வைக்க வேண்டும். அவசரத்தில் பக்கத்துக் கட்டத்தைச் சுரண்டிவிட்டேன். பொங்கல் சாப்பிட்டு வெளியே வந்தால் கண்ணாடியில் அபராதம். நண்பரைக் கட்ட விடுவேனா? மறுநாளே பாதித் தொகையான 50 பவுண்டைக் கட்டிவிட்டு, சீட்டை ஃபைலில் போட்டுவிட்டேன்.

அதே வருடம் ஆகஸ்டில் பார்னெட் கவுன்சில் சம்பந்தப்பட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. சீட்டில் தவறு நடந்த தேதியும் சீட்டு கொடுத்த தேதியும் இரண்டுமே இருக்க வேண்டும், கிட்டத்தட்ட சரி என்பதெல்லாம் போதாது என்று. ஓடிப்போய் ஃபைலை எடுத்தேன். என் கவுன்சில் வேறு. ஆனாலும் என் சீட்டிலும் ஒரே ஒரு தேதிதான்! கட்டிய பணம் போனது போனதுதான்.

2013-ல் அதே பார்னெட்டில் இன்னொரு வழக்கு. குடியிருப்பாளர் பர்மிட் கட்டணத்தை 2011-ல் 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டாக உயர்த்தியிருந்தார்கள். டேவிட் ஆட்ஃபீல்ட் என்ற குடியிருப்பாளர் கோர்ட்டுக்குப் போனார். 1984-ம் வருடச் சட்டம் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தத்தான், கஜானாவை நிரப்ப அல்ல என்று தீர்ப்பு வந்தது. எல்லா வாதமும் எடுபடும் என்று நினைக்க வேண்டாம். 1689-ம் வருட உரிமைச் சாசனப்படி அபராதமே செல்லாது என்று ஒரு வாதம் அப்போது ரொம்பப் பிரபலம். கோர்ட்டில் அது எடுபடவில்லை.

மருமகனிடம் மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, இது குற்றமல்ல. ஆனால் கண்டுகொள்ளாமல் விட்டால் தொகை ஒன்றரை மடங்காகும், கடைசியில் வசூல்காரர் கதவைத் தட்டுவார். இரண்டு, முதல் 14 நாளுக்குள் ஆட்சேபம் எழுது. நிராகரித்தாலும் பெரும்பாலான கவுன்சில்கள் பாதித் தொகைக்கு மறுபடி வாய்ப்பு தரும். மூன்று, அதற்கும் மேலே போக வேண்டுமானால் வண்டி உரிமையாளருக்கு வரும் நோட்டீசுக்கு 28 நாளுக்குள் முறைப்படி பதில் எழுது. அதற்குக் கவுன்சில் 56 நாளுக்குள் பதில் தராவிட்டால் நீ சொன்னதை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். நிராகரித்தால் நடுவரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் வழக்கு தோற்றால் முழுத் தொகை.

"சரி, போர்டில் என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டேன். "போர்டா? அது மரக்கிளைக்குள்ள இருக்கு மாமா."

அதுதான் விஷயம். அவன் தெரு இரண்டு மண்டலங்களின் எல்லை. எதிர்ப்பக்கத்துக்கு வேறு எழுத்து பர்மிட். அதைச் சொல்லும் பலகை இலைக்குள் ஒளிந்திருந்தது. ஓட்டுபவருக்குத் தெரியும்படி பலகை வைப்பது கவுன்சிலின் கடமை. மறுநாள் காலை, கிளையை யாரும் வெட்டுவதற்கு முன், ஓட்டுநர் இருக்கையிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் படம் எடுக்கச் சொன்னேன்.

முதல் கடிதத்தை நிராகரித்தார்கள். பாதித் தொகைக்கு மறுபடி வாய்ப்பும் தந்தார்கள். "மாமா, போதும், கட்டிடறேனே" என்றான். என் ஃபைல் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, நோட்டீஸ் வரட்டும்" என்றான்.

நோட்டீஸ் வந்தது, அதே படங்களோடு பதில் எழுதினான். நேற்று ஒரு வரி வாட்ஸ்அப்: "ரத்து பண்ணிட்டாங்க மாமா. கிளையையும் வெட்டிட்டாங்க."

என் 50 பவுண்டு இன்னும் ஃபைலில்தான் இருக்கிறது, ஒரே ஒரு தேதியோடு.