வாயிலில் நிரல் மாற்றியோர்

இந்தியாவில் மின்னஞ்சலின் வரலாறு பெரும்பாலும் தடங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1986இல் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு, 1991இல் தில்லிக்கும் மும்பைக்கும் இடையே அமைந்த நொடிக்கு 9.6 கிலோபிட் குத்தகைத் தடம், 1992க்குள் சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட நிறுவனங்கள் இணைந்தமை என்றே அது விரிகிறது. தடங்களின் முனையில் இருந்த கேட்வே கணினிகளைப் பேணியவர்கள் அதில் அரிதாகவே இடம்பெறுகிறார்கள். தடம் அறுந்தால் மடல் வரிசையில் காத்திருக்கும், கேட்வேயின் நிரல் பிசகினாலோ மடல் தொலைந்தும் போகலாம் என்பதால், இது நியாயமான விடுபடல் அன்று.

கேட்வே என்பது ஒரு வலையமைப்பின் முகவரி முறையை இன்னொன்றின் முறைக்கு மாற்றி மடலைக் கைமாற்றும் கணினி. எர்நெட்டின் தொடக்கக் காலத்தில் கணினிகள் தொலைபேசியில் ஒன்றையொன்று அழைத்துக் கோப்புகளை மாற்றிக்கொள்ளும் யூயூசிபி முறையே வழக்கில் இருந்தது. அம்முறையின் முகவரியில் மடல் கடக்கவேண்டிய ஒவ்வொரு கணினியின் பெயரும் ஆச்சரியக்குறியிட்டு வரிசையாக எழுதப்பட்டது. அதனை இணைய முகவரியாக மாற்றும் பணியை யூனிக்ஸ் கணினிகளில் பரவலாகச் செய்தது, பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதி 1983இல் பி.எஸ்.டி. யூனிக்ஸுடன் வெளிவந்த சென்ட்மெயில்.

1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மாரிஸ் புழு என்னும் தானே பெருகும் நிரல், சென்ட்மெயிலில் திறந்தே கிடந்த பிழைநீக்க வசதி வழியாகவும் நுழைந்தது. அதன்பின் நிரல் கோப்பைப் புதுப்பிப்பது தள்ளிப்போட முடியாத வேலையாயிற்று. 9.6 கிலோபிட் தடத்தில் ஒரு மெகாபைட் கோப்பு இறங்க, முழு வேகம் கிடைத்தால்கூடக் கால் மணி நேரம் பிடிக்கும். கோப்பு வந்தபின், ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தி, வரிசையில் உள்ள மடல்களைத் தொடாமல் விட்டு, பழைய நிரலுக்கு வேறு பெயரிட்டு, புதியதை அவ்விடத்தில் வைத்து, உரிய அனுமதிகளைத் தரவேண்டும். இவற்றோடு நின்றால் போதாது: பழைய பதிப்புகள், வேகம் கருதி, அமைப்புக் கோப்பைப் படித்து முடித்த நிலையிலேயே நினைவகத்தை உறையவைத்துத் தனிக் கோப்பாகச் சேமித்திருந்தன, அந்த உறைநகல் புதிய நிரலுக்குப் பொருந்தாது என்பதால் அதையும் புதிதாக ஆக்கவேண்டியிருந்தது. முன்னெச்சரிக்கையாக வைத்துக்கொண்ட பழைய நிரலிலும் ஆபத்து இருந்தது, ஏனெனில் முதன்மைப் பயனரின் அதிகாரத்தோடு இயங்கும் அனுமதியை அதிலிருந்து நீக்காவிட்டால், அடைத்ததாக எண்ணிய ஓட்டை அந்த நகலில் அப்படியே திறந்திருந்தது.

இவ்வுழைப்பின் பயன் நெடுங்காலம் நகரங்களைத் தாண்டவில்லை. அரசு அலுவலகங்களுக்கான நிக்நெட் செயற்கைக்கோள் வழியாக மாவட்டத் தலைநகர்களை எட்டியிருந்தது; 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் தொடங்கிய பொது இணையச் சேவையோ சென்னை முதலான பெருநகரங்களோடு நின்றது. தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், தீர்த்தங்களில் நீராடித் தீர்த்தகிரீசுவரரை வழிபட மக்கள் மலையேறும் தீர்த்தமலையில் ஒருவரிடம் கணினியே இருந்திருந்தாலும், மின்னஞ்சலுக்காக எஸ்.டி.டி. கட்டணத்தில் வெளியூரை அழைக்க வேண்டியிருந்திருக்கும். இன்லேண்டு கடிதம் அதைவிட மலிவு.

1998இல் வந்த சென்ட்மெயிலின் 8.9ஆம் பதிப்பு, குப்பை மடல்களைத் தடுக்கும் பொருட்டு, பிறர் மடலைக் கடத்திவிடும் வழக்கத்தை இயல்பாகவே மூடிவைத்தது. ஆகவே சிறு நிறுவனங்களின் மடலையும் சுமந்த கேட்வேக்களில், எவரெவர் தம்மை நம்பியிருக்கிறார்கள் என்று முதலில் பெயர் பெயராக எழுதிவைத்த பின்னரே புதிய நிரலை ஏற்ற முடிந்தது.