சர்க்கார் பணமும் கோவைப் பட்டறைகளும்

கோயமுத்தூர்க்காரர் தம் ஊரைப் பற்றிப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கதை ஒன்று உண்டு. பெரிய ஆற்றுப் பாசனமோ, கடற்றுறையோ, நிலக்கரியோ இல்லாத இந்த மேட்டு நிலத்தில், சர்க்காரின் தயவை எதிர்பாராமல், கிணறு வெட்டிக் காடு திருத்திய குடும்பங்களே பஞ்சாலை கட்டி, பட்டறை வைத்து, மோட்டாரும் பம்பும் செய்து, தமக்குத் தாமே ஒரு தொழில் நகரத்தை உண்டாக்கிக்கொண்டன என்பதே அந்தக் கதை. அதில் உண்மை இல்லாமலில்லை. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை நிறுவிய நூற்பாலைக்குப் பின் எழுந்தவற்றுள் மிகப் பல உள்ளூர்ப் பொருளால் எழுந்தவை, 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின் மோட்டார் ஒன்றை இந்நாட்டிலேயே செய்து காட்டியபோது, அவர்களுக்குப் பக்கபலமாக நின்றது எந்த ராஜாங்க இலாகாவும் அன்று. ஆயினும் இக்கதையைச் சொல்வோர், ஊர்ப் பொதுப்பணம் கண்ணுக்குத் தெரியாத அஸ்திவாரமாக இருந்த இடங்களைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

பொது ஆராய்ச்சிப் பணம் கோவைக்கு முதலில் வந்தது யந்திரத்தின் பொருட்டன்று, பயிரின் பொருட்டு. 1912இல் இங்கே தொடங்கப்பெற்ற கரும்பு அபிவிருத்தி நிலையத்தில், பார்பர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியும், அவருக்குப் பின் டி.எஸ். வெங்கடராமனும், பயிர்க் கரும்பைக் காட்டு நாணல் இனத்தோடு கலந்து உண்டாக்கிய ‘கோ 205’ 1918இல் வெளிவந்து, வட இந்தியாவின் வயல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கரும்பு வடக்கே போயிற்று. பருத்தி ஊரிலேயே தங்கியது. கம்போடியாப் பருத்தியின் வழிவந்த ரகங்களை இங்கே வேளாண் விஞ்ஞானிகள் ஆண்டாண்டாகத் தேர்ந்து வளர்த்ததன் பயனாக 1968இல் எம்.சி.யு. 5 என்ற நீள் இழைப் பருத்தி பிறந்தது; 1974இல், வேறோர் இனத்திலிருந்து, சுவின் என்ற அதிநுண் இழைப் பருத்தியும் பிறந்தது. அந்தக் கரும்புக்கும் இப்பருத்திகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், 1932இல் சென்னை மாகாண சர்க்காரின் பைகாரா நீர்மின் திட்டம் நீலகிரியிலிருந்து மின்சாரத்தை இறக்கிவிடவே, பஞ்சாலைகள் சிங்காநல்லூரிலும் பீளமேட்டிலும் அடுத்தடுத்து எழுந்தன. பஞ்சையும் மின்சாரத்தையும் பொதுப்பணம் கொடுத்தது. ஆலையை முதலாளி கட்டினார். இதைச் சொல்வது அந்த முதலாளிகளின் துணிவைக் குறைப்பதாகாது.

யந்திரத் தொழிலுக்கே உரிய ஆராய்ச்சி என்ற எண்ணம் கோவைக்கு வந்த வழி சற்றுச் சுற்றுவழி. முதல் உலக யுத்தத்தின்போது, சாயத்துக்கும் நுண்கருவிக்கும் ஜெர்மனியையே நம்பியிருந்த தங்கள் கைத்தொழில்கள் திடீரென்று கையற்று நின்றதைக் கண்டு அஞ்சிய பிரிட்டிஷார், 1916இல் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிக்கென்றே ஓர் இலாகாவை ஏற்படுத்தி, ஒரே தொழிலைச் செய்யும் ஆலைகள் சந்தா செலுத்திச் சேர்ந்து ஆராய்ச்சிச் சங்கம் அமைத்தால் சர்க்காரும் மானியம் தரும் என்ற முறையைக் கண்டார்கள். மான்செஸ்டர் நகரின் பருத்தி ஆராய்ச்சிச் சங்கமும் அதன் ஷெர்லி ஆராய்ச்சி நிலையமும் அம்முறையின் புகழ்பெற்ற குழந்தைகள். அதே யோசனை, சுதந்திரம் பிறந்த 1947இல் அகமதாபாத்தில் விக்ரம் சாராபாயின் பிரயத்தனத்தால் ‘அடிரா’ என்ற ஸ்தாபனமாகவும், 1954இல் பம்பாயில் மற்றொரு சங்கமாகவும், 1956இல் கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமாகவும் உருக்கொண்டது. அச்சங்கத்தின் சுருக்கப் பெயரான ‘சிட்ரா’ என்றால் இன்று பலருக்கு அவினாசி சாலையில் விமான நிலையத்துக்குத் திரும்பும் பஸ் நிறுத்தம்தான். அந்த நிறுத்தத்துக்குப் பெயர் தந்த கட்டடத்துக்குள் நடந்த காரியம் என்னவென்று கேட்டால், பஸ்ஸில் வருபவர் நூற்றில் ஒருவரும் சொல்வாரோ என்பது சந்தேகமே.

அங்கே நடந்தது பெரும்பாலும் கணக்கெடுத்தல். புதுக் கண்டுபிடிப்புகளை எதிர்பார்த்தவர்க்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் நூற்பாலை என்பது ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே சமயத்தில் சுழலும் இடம். அங்கே ஒரு கதிரில் ஒரு ஷிப்டில் எத்தனை கிராம் நூல் இறங்குகிறது, நூறு கதிர்மணிக்கு எத்தனை தடவை இழை அறுகிறது, எவ்வளவு பஞ்சு கழிவாகப் போகிறது, ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகிறது, நூறு கிலோ நூலுக்கு எத்தனை ஆள்மணி பிடிக்கிறது என்ற ஐந்தாறு எண்களை அறிந்தவனே ஆலையை அறிந்தவன். தன் ஆலையின் எண்ணை எந்த முதலாளியும் பாடுபட்டுத் தெரிந்துகொள்ளலாம். பக்கத்து ஆலையின் எண்ணைத் தெரிந்துகொள்ளும் வழி அவருக்கில்லை. பக்கத்து எண் தெரியாதவரை தம் எண் நல்லதா கெட்டதா என்பதும் தெரியாது. ஆலைகள் தம் கணக்குகளைச் சங்கத்துக்கு அனுப்ப, சங்கம் எந்த ஆலையின் பெயரும் வெளிப்படாதபடி, வெவ்வேறு நுண்மை நம்பர்களில் நூற்கும் ஆலைகளையெல்லாம் 40ஆம் நம்பர் நூலுக்கு மாற்றிச் சமநிலைப்படுத்தி, எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் நிறுத்தித் திருப்பி அனுப்பியது. இன்ன கதிருக்கு இன்ன உற்பத்தி நியாயம் என்ற அளவுகோல்களும் இந்தக் கணக்கிலிருந்தே வகுக்கப்பட்டன. போட்டியாளர்கள் தம் இரகசியத்தை நம்பி ஒப்படைக்கக்கூடிய பொது இடம் ஒன்று கிடைத்ததே இந்த ஏற்பாட்டின் முக்கிய லாபம். சந்தா மட்டும் இருந்திருந்தால் அது பெரிய ஆலைகளின் கூடமாகியிருக்கும். மானியம் மட்டும் இருந்திருந்தால் மில்காரர் எவரும் தம் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டியிருக்க மாட்டார். இரண்டும் கலந்ததனாலேயே சிறிய ஆலையும் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரத்துக் கருவியில் தன் நூலின் சமத்தன்மையைச் சோதித்துக்கொள்ள முடிந்தது.

அளவு யந்திரத்தோடு நிற்பதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆயிரம் கதிருக்கு எத்தனை ஆள் என்ற கேள்வி, ஆராய்ச்சிக் கூடத்தில் எழும்போது சாஸ்திரமாகவும், ஆலைவாசலில் எழும்போது வேலைப்பளுத் தகராறாகவும் இருந்தது. 1957இல் மத்திய சர்க்கார் பருத்தி ஆலைகளுக்குச் சம்பளப் போர்டு ஒன்றை நியமித்த காலம் அது. தொழிற்சங்கங்கள் வலுவாக இருந்த கோவையில், கடிகாரத்தோடு வந்து நின்ற நிபுணரைத் தொழிலாளர் சந்தேகத்தோடு பார்த்ததில் வியப்பில்லை. இன்று கதிருக்குக் கதிர் மின்னணு உணர்வான் பொருத்தி, இழை அறுந்த கணத்திலேயே செய்தி சூபர்வைசரின் திரைக்குப் போகும்படி செய்திருக்கிறார்களே, அந்த ஏற்பாட்டிலும் அதே கேள்வி ஒளிந்துகொண்டிருக்கிறது.

யந்திரம் செய்வதில் கோவை வேறு பாதையில் போயிற்று. 1962இல் தோன்றிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டு நூற்பு யந்திரங்களை இங்கேயே உற்பத்தி செய்தது. பின்னர் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுடன் கடையும் யந்திரங்களையும் வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தோடு செய்தது. கைத்திறன் நம்முடையது, வரைபடம் அயலாருடையது என்பதே அக்காலத்து ஒப்பந்தங்களின் சாரம். சர்க்காரின் ஆராய்ச்சிப் பணமோ 1962இல் பெங்களூரில் மத்திய யந்திரக் கருவி நிலையத்தை உண்டாக்கியது. கோவையில் அதற்கு நிகரான ஒன்று எழவில்லை. இடைப்பட்ட இடத்தை நிரப்பியவை கல்லூரிகள். பி.எஸ்.ஜி. குடும்பத்தார் 1926இல் தர்ம ஸ்தாபனம் ஒன்றை நிறுவித் தொடங்கிய தொழிற்கூடம், மாணாக்கர் பாடம் படிக்கும் சுவருக்கு அப்புறத்திலேயே மோட்டாரும் லேத்தும் செய்து விற்ற அபூர்வ அமைப்பு. அதனோடு 1951இல் ஜி.ஆர். தாமோதரன் முதல்வராக இருந்து வளர்த்த பொறியியல் கல்லூரி சேர்ந்தது. விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதிய ‘கலைக்கதிர்’ பத்திரிகை அவருடைய உழைப்பே என்பதைப் பொறியியல் சரித்திரம் எழுதுவோர் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

1999இல் மத்திய சர்க்கார் ஜவுளித் தொழிலுக்குத் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தைக் கொண்டுவந்து, புது யந்திரம் வாங்கும் கடனுக்கு வட்டிச் சலுகை தந்தபோது, ஆராய்ச்சி என்ற விஷயம் சிறிது பின்னால் தள்ளப்பட்டது என்றே நினைக்கிறேன். வாங்குவதற்குக் கொடுத்த பணமும், புரிந்துகொள்வதற்குக் கொடுத்த பணமும் ஒன்றல்ல. முந்தியது ஐரோப்பிய, ஜப்பானிய யந்திரங்களைத் திருப்பூர்ப் பின்னலாடைக் கூடங்களுக்கும் பல்லடத்து நெசவுக் கூடங்களுக்கும் கொண்டுவந்து இறக்கியது. அவற்றின் உள்ளே இருந்த மென்பொருள் பூட்டிய பெட்டியாகவே வந்தது. விசைத்தறி ஊர்களில், சோமனூர், குமாரபாளையம் போன்ற இடங்களில், சிட்ரா நடத்திவந்த சேவை மையங்கள் தறிக்காரர்க்குத் துணிச் சோதனையும் தறிப் பயிற்சியும் தந்தன. அவ்வளவில்கூட அங்கே பொதுப்பணத்தின் பலன் கையால் தொட்டறியத் தக்கதாக இருந்தது. மருத்துவ ஜவுளிக்கு சிட்ராவிலும், தொழிற்சாலை ஜவுளிக்கு பி.எஸ்.ஜி.யிலும் உயர் ஆராய்ச்சி மையங்கள் பின்னர் அமைந்தன.

2011இல் ஜெர்மனியின் ஹனோவர் கண்காட்சியில் நான்காம் தொழிற்புரட்சி என்ற பெயர் அறிவிக்கப்பட்டதும், உலகெங்கும் சர்க்கார்கள் அதற்குப் பணம் ஒதுக்கத் தொடங்கின. இந்தியாவில் கனரகத் தொழில் அமைச்சகம் 2014இல் மூலதனப் பொருள் தொழிலின் போட்டித்திறனை உயர்த்தும் திட்டத்தைத் தொடங்கி, 2022இல் அதன் இரண்டாம் கட்டத்தை 1,207 கோடி ரூபாய் மதிப்பில் அறிவித்தது. அதில் 975 கோடி சர்க்காருடையது, 232 கோடி தொழில்துறை போட வேண்டியது. சந்தாவும் மானியமும் சேர்ந்த 1956ஆம் ஆண்டின் சூத்திரம் இன்னும் மறையவில்லை என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. தொழில்துறையின் பங்கு மட்டும் மெலிந்திருக்கிறது. இத்திட்டத்தின் முதற்கட்டத்திலேயே கோவைக்கு இரண்டு காரியங்கள் வந்தன: பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் வெல்டிங் தொழில்நுட்பத்துக்கு ஒரு சிறப்பு மையம். ‘சிடார்க்’ என்ற சோதனை, ஆராய்ச்சி மையத்தில் நீர்மூழ்கி பம்புகளுக்கு ஒன்று.

பம்புக்கு வந்த காரியம் கொங்குநாட்டுக்கே உரியது. இந்நாட்டில் விற்கும் பம்புகளில் பெரும்பங்கு கோவையிலும் சுற்றுவட்டத்திலும் வார்க்கப்பட்டு, கடையப்பட்டு, சுற்றப்படுகிறது. ஆழ்குழாய்க் கிணறுகள் ஆழம் கூடக்கூட மின்சாரச் செலவும் கூடுகிறது. ஆறு அங்குலக் குழாய்க் கிணற்றுக்குள் இறங்கும் மோட்டாரைத் தூரிகையற்ற நிலைக்காந்த வகையில் அமைத்து, அதை நடத்தும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் சேர்த்து சிடார்க்கில் உருவாக்கினார்கள். வழக்கமான இண்டக்‌ஷன் மோட்டாரைவிட இது குறைந்த மின்சாரத்தில் வேலை செய்யும். தண்ணீர் மட்டத்துக்கேற்ப வேகத்தையும் மாற்றிக்கொள்ளும். ஆனால் காந்தத்துக்குச் சீனாவைப் பெரிதும் நம்பவேண்டியிருப்பதும், செம்புக் கம்பி சுற்றியே பழகிய பட்டறைக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்நியமாக இருப்பதும் எளிதில் தீராத இடையூறுகள்.

மாநில சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2022இல் டிட்கோ என்ற தன் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் வழியாக டான்சாம், டான்காம் முதலிய மேம்பட்ட உற்பத்தி மையங்களைப் பெரிய அயல்நாட்டு மென்பொருள், யந்திரக் கம்பெனிகளோடு சேர்ந்து சென்னைத் தரமணி டைடல் பூங்காவில் திறந்தது. 2019இல் தொடங்கப்பெற்ற பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளுள் கோவையும் ஒன்றானதும், கோவைச் சிறுதொழில்களின் கொடிசியா சங்கம் தனக்கென்று ஒரு புத்தாக்க மையம் அமைத்துக்கொண்டதும் அதே காலத்து நிகழ்ச்சிகள். கணபதியிலும் குறிச்சியிலும் ஆவாரம்பாளையத்துச் சந்துகளிலும் இரண்டு சி.என்.சி. யந்திரங்களைக் கடனில் வாங்கிவைத்து ஜாப் ஒர்க் செய்பவருக்கு இவற்றால் விளைந்த பயன் என்ன என்று கேட்கலாம். அவருடைய யந்திரத்தின் திரையே அது எத்தனை நிமிஷம் ஓடியது, எத்தனை நிமிஷம் வேலையின்றி நின்றது என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆனால் பீஸுக்கு இன்ன கூலி என்று ஆர்டர் கொடுப்பவர் நிர்ணயிக்கும்போது, மற்றப் பட்டறைகளில் யந்திர மணிக்கு என்ன அடங்குகிறது என்ற ஒப்பீடு அவர் கையில் இல்லை. அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் நூற்பாலைகளுக்காக ஆள்மணியையும் கதிர் உற்பத்தியையும் பெயர் மறைத்து ஒரே தாளில் வரிசைப்படுத்திக் காட்டிய அந்த ஏற்பாடு, இந்தப் பட்டறைகளை இன்னும் வந்தடையவில்லை.